பச்சை விழும் வேகம்

அன்று காலை என் கணவர் பள்ளி மைதானத்தில் சைக்கிள் ஓட்டினார். ஏழாம் வகுப்புக்குச் சீரான வேகம் என்ற பாடம் நடத்தும் வாரத்தில், வருடம் தவறாமல் வந்து ஓட்டிக் காட்டுவார். நான் அறிவியல் ஆசிரியை. அவர் ரோடு ரோலர் ஓட்டுபவர். கணவர் என்பதற்காக அவரைக் கூப்பிடவில்லை, அந்தத் தொழிலுக்காகத்தான் கூப்பிட்டேன். கொதிக்கிற தாரின் மேல் ரோலரை நிறுத்தினால் அந்த இடம் குழிந்துவிடும். கூட்டிக் குறைத்து ஓட்டினால் சாலை அலை அலையாகப் போய்விடும். பல வருடம் அப்படி ஓட்டிப் பழகிய உடம்பு, சைக்கிளில் ஏறினாலும் ஒரே வேகத்தில்தான் போகும். பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் என்பார்கள்; இவருடைய நிதானம் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் போகும் என்று நான் கேலி செய்வதுண்டு.

மைதானத்தில் பத்து மீட்டருக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். இடைவெளிக்கு ஒரு பிள்ளை, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். முன்சக்கரம் ஒரு கோட்டைத் தொட்டதும் அமுக்க வேண்டும், அடுத்த கோட்டைத் தொட்டதும் மறுபடி அமுக்க வேண்டும். அவர் முதல் கோட்டுக்கு வெகுதூரம் பின்னால், மைதானத்தின் மூலையில் போய் நின்றார். முதல் கோட்டிலிருந்தே கிளம்பினால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். கிளம்பும்போது வேகம் ஏறிக்கொண்டே இருக்கும், ஏறி முடிந்து இனி ஏறவும் இறங்கவும் இல்லை என்றான பிறகுதான் அது சீரான வேகம், அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்றேன். "டீச்சர் வீட்லயும் இப்படித்தான். கோபம் ஏறி முடியட்டும்னு காத்திருந்துதான் நான் பேசவே ஆரம்பிப்பேன்" என்று அவர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஓட்டினார். நான்கு விநாடி, நான்கு, நான்கு, நான்கு. கடைசி இடைவெளியில் நின்ற ரெட்டைப் பின்னல்காரி மட்டும் ஐந்து என்றாள். நீ தாமதமாக அமுக்கியிருப்பாய் என்றேன். இல்லை டீச்சர், சரியாகத்தான் அமுக்கினேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அளப்பதில் பிழை வருவது சகஜம் என்று சொல்லிவிட்டு, நான்கையே எடுத்துக்கொண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். தூரம் பத்து மீட்டர், நேரம் நான்கு விநாடி. தூரத்தை நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு இரண்டரை மீட்டர். அப்படியென்றால் நூறு மீட்டர் போக? நாற்பது விநாடி என்று பின்வரிசை வரைக்கும் சொன்னார்கள். வேகம் சீராக இருந்தால் ஒரு துண்டை அளந்தாலே போதும், முழு வழியும் தெரிந்துவிடும்.

அவர் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, குளியலறைப் பல்பு போய்விட்டது, வரும்போது வாங்கி வா என்று சொல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போனார் என்பதை அப்போது நான் பார்த்தேன். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

மாலையில் நான் பல்போடு வீட்டுக்கு வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை, வாயுப்பிடிப்பு என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது. முதலில் ஆம்புலன்ஸுக்கும், அடுத்து என் கொழுந்தனுக்கும் போன் செய்தேன்.

கொழுந்தனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டயர் கடை வைத்திருக்கிறான். அண்ணன் எவ்வளவு நிதானமோ தம்பி அவ்வளவு அவசரம். யாரோ சாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடப் போவதைப்போல் காரை ஓட்டுவான். என் கணவர் அவனுக்கு வைத்த பெயர் ராக்கெட். அவன் திருப்பி வைத்த பெயர் ரோலர். அதைப் பட்டப்பெயர் என்றே சொல்ல முடியாது என்று என் கணவர் பெருமைப்பட்டுக்கொள்வார். சின்ன வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அண்ணன் கையில் வளர்ந்தவன் அவன். அன்றைக்கு ஆம்புலன்ஸுக்கு முன்பே வந்து நின்றான்.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். நர்ஸ், என் வயதுப் பெண்மணி, பேச்சைவிடக் கை வேகமாக ஓடுகிறவர். டிரைவர் நேர் எதிர். முறுக்கிய மீசை, சட்டைப்பையில் சீப்பு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போதே, கவலைப்படாதீங்கம்மா, என் வண்டியில டம்ளர்ல தண்ணி வச்சாலும் சிந்தாது என்றார். இந்த நேரத்தில் இது என்ன ஜம்பம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. நான் உள்ளே ஏறிக்கொண்டேன். கொழுந்தன் காரில் பின்னால் வந்தான்.

கதவைப் பூட்டினாயா என்று என் கணவர் கேட்டார். பூட்டினேன் என்றேன். வண்டி பெரிய சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும், அவருடைய கண்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டன. திறந்துதான் இருந்தன. நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த கணம் எழுந்து, ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, இரண்டு கைகளையும் அவர் நெஞ்சில் வைத்து அழுத்தத் தொடங்கினார். அழுத்திக்கொண்டே முன்பக்கம் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, பிரேக் மட்டும் போட்றாதீங்க. ஒரே மாதிரி விடுங்க."

அவ்வளவு பேசிய டிரைவர், சரிம்மா என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

பிறகு நடந்ததில் எனக்கு நினைவிருப்பவை கொஞ்சம். நர்ஸின் கைகள் நிற்கவில்லை. வண்டி குலுங்கவில்லை, முன்னால் இழுக்கவில்லை, பின்னால் தள்ளவில்லை. டிரைவருக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்தது. ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது. அடுத்ததிலும் பச்சை. அதற்கடுத்ததிலும். யாரோ நமக்கு முன்னால் ஓடி ஓடிக் கதவு திறந்துவிடுகிறார்கள் என்று நினைத்தேன். கொழுந்தனின் கார் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. சற்று நேரத்தில் அது எங்கேயோ நிற்க, நாங்கள் தாண்டினோம். மறுபடி அது தாண்டியது. கடைசி சிக்னலுக்கு முன்னால் என் கணவரின் தொண்டையிலிருந்து, அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தவர் விடும் மூச்சுபோல் ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் கையை எடுத்துவிட்டு, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, "வந்துட்டாருக்கா" என்றார். அவருடைய நெற்றி வியர்வை என் கணவரின் சட்டையில் சொட்டியது.

இதயத்தில் சேதம் அதிகம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அந்தி மங்கும் முன்பே அவருக்கு நினைவு திரும்பிவிட்டது. என்னை உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவிலிருந்து அவர் முதலில் கேட்டது பாடத்தைப் பற்றி.

"பசங்க கணக்கு என்ன வந்துச்சு?"

"எல்லாருக்கும் நாலு. ஒருத்தி மட்டும் அஞ்சுன்னா."

"கடைசியில நின்னவளா?"

"ஆமா."

"அவ சொன்னதுதான் சரி. அங்க வர்றப்ப நெஞ்ச யாரோ புடிச்ச மாதிரி இருந்துச்சு, மிதிக்க முடியல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவளுக்கு ஒரு மார்க்கு சேத்துப் போடு."

அப்போதே சொல்வதற்கு என்ன என்று கேட்டேன்.

"பாடம் கெட்டுடுமே, டீச்சர்."

என் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. கொஞ்சும்போதும் டீச்சர்தான், சண்டை போடும்போதும் டீச்சர்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. பல்பு வாங்கினாயா என்றார். நாளைக்குச் சாலை வேலைக்கு வர முடியாது என்று மேஸ்திரியிடம் சொல்லச் சொன்னார். என் கையைப் பிடித்து, சாக்பீஸ் தின்ற விரல் என்று சொரசொரப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியை அனுப்பச் சொன்னார். நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது; ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தது மட்டும் கேட்டது.

மறுநாள் காலை வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் அவர் இறந்துபோனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

எல்லாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய அன்று, முதல் வேலையாக ரெட்டைப் பின்னல்காரியை எழுப்பி, நீ அளந்ததுதான் சரி, தவறு என்னுடையது என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன். மார்க்கும் போட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்து மேஜையில் தலை கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வகுப்பு எனக்குச் செய்த மரியாதை அது.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கப் போகிறது, வண்டியில் கூட இருந்தவர் என்ற முறையில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த ஆள் இனி ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது என்றான்.

"நாப்பதுல போனான் அண்ணி. நான் பக்கத்துல ஓட்டிப் பாத்தேன், என் முள்ளு நாப்பதுல நின்னுச்சு. ரோடு காலியாக் கெடக்கு, உள்ள எங்கண்ணன் சாகக் கெடக்கறாரு, அவன் ஊர்வலம் போற மாதிரிப் போறான். எம்பதுல போயிருந்தா பாதி நேரம் மிச்சமாயிருக்கும். அண்ணன் இருந்திருப்பாரு."

டம்ளர் தண்ணீர் ஜம்பம் என் காதிலும் இருந்தது. பாதி நேரம் மிச்சம் என்ற வார்த்தை அவன் போன பிறகும் வீட்டிலேயே இருந்தது. எண்பது என்பது நாற்பதின் இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு வேகத்துக்குப் பாதி நேரம். இதை நானே நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கணக்கில் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் என் கணவரின் உயிரில் பாதி நேரத்தைத் தின்றுவிட்டாரா, இல்லையா? கையெழுத்துப் போடுவதென்றால் அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். போடாமல் இருப்பதென்றாலும் தெரிந்தாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் வந்தார். யாரும் அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்றார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார். டிரைவருக்காகக் கெஞ்சவில்லை. அவர் வாயாடி, தற்பெருமைக்காரர், அவரோடு ஷிப்ட் போட்டால் எனக்குத் தலைவலி வரும் என்றே ஆரம்பித்தார். பிறகு தன் கைகளைப் பற்றிச் சொன்னார். நெஞ்சை அழுத்துவதை இடையில் விட்டால், அதுவரை அழுத்தியதற்கெல்லாம் பலன் குறைந்துவிடும். வண்டி ஒரு தடவை பிரேக் போட்டால், நின்றபடி அழுத்துகிறவர் முன்னால் போய் விழுவார். எழுந்து மறுபடி கை வைப்பதற்குள் மூளைக்கு ரத்தம் நின்றுபோகும். அதனால்தான் பிரேக் போடாதே என்று கேட்டிருக்கிறார்.

சைரன் இருக்கிறதே, சிவப்பில் நிற்காமல் போகலாமே என்று கேட்டேன். போகலாம், ஆனால் குறுக்கே வருகிறவன் நிற்கிறானா என்று பார்க்காமல் போக முடியாது, பார்ப்பதற்குப் பிரேக் போட்டாக வேண்டும் என்றார்.

"அந்த ரோட்ல மட்டும் ஒரு சௌகரியம் இருக்குக்கா. நாப்பதுலயே போனா பச்சை கெடைச்சுட்டே வரும்னு எங்க டிரைவருங்க எல்லாருக்கும் தெரியும். கூட்டினாலும் போச்சு, கொறைச்சாலும் போச்சு. அன்னிக்கு அவரு கையில என்ன மாயமோ, என் கை ஒரு தடவ கூட நழுவல. நன்றி சொல்லணும்னா நான்தான் அவருக்குச் சொல்லணும்."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி ஸ்டாப்வாட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைக்குப் போனேன். நீளமான நேர் சாலை. இரண்டாம் சிக்னல் பக்கத்தில் ஒரு நடைமேம்பாலம் இருக்கிறது. அதன் மேல் நின்றால் இரண்டாவது சிக்னலும் தெரியும், தூரத்தில் மூன்றாவதும் தெரியும். இடையில் எவ்வளவு தூரம் என்பதை விளக்குக் கம்பங்கள் சொல்லின. இந்தச் சாலையில் கம்பத்துக்குக் கம்பம் இருபத்தைந்து மீட்டர் என்று, தார் போட்ட காலத்தில் என் கணவர் சொல்லியிருக்கிறார். எண்ணினேன். இருபது இடைவெளி. ஐந்நூறு மீட்டர்.

இரண்டாம் சிக்னலில் பச்சை விழுந்ததும் அமுக்கினேன். மூன்றாவதில் பச்சை விழுந்ததும் மறுபடி அமுக்கினேன். நாற்பத்தைந்து விநாடி. ஒருவேளை தற்செயலாக இருக்கலாம் என்று அடுத்த சுற்றிலும் அளந்தேன், அதற்கடுத்ததிலும். நாற்பத்தைந்துதான்.

ஐந்நூறை நாற்பத்தைந்தால் வகுத்தால் விநாடிக்குப் பதினொரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு விநாடி. பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர்.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவர், இந்தச் சாலையில் ஒருவன் நாற்பதில் வந்தால் அவனுக்கு வழி திறந்தே இருக்கட்டும் என்று தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் குறித்து வைத்திருக்கிறார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அதே கணக்கு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் காலைத் தொட்டிருப்பேன்.

அங்கிருந்தே கொழுந்தனைக் கூப்பிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை, காரைக் கொண்டு வா என்றேன். வந்தான். பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, அன்று ஓட்டியதைப்போலவே இந்தச் சாலையில் ஓட்டு என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஓட்டினான். பச்சை விழுந்ததும் கார் பாய்ந்தது. முள் சர்ரென்று எண்பதுக்கு ஏறியது. அடுத்த சிக்னல் சிவப்பு. பிரேக் போட்டதில் சீட் பெல்ட் என் தோளைக் கடித்தது. நின்றோம். ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது, மறுபடி பாய்ச்சல், மறுபடி சிவப்பு. ஓடியது எவ்வளவு நேரமோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றோம்.

கடைசி சிக்னலைத் தாண்டியதும், திருப்பிக்கொண்டு போய் ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை ஓட்டு, இந்தத் தடவை நாற்பது, ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது என்றேன்.

முதல் சிக்னலைப் பச்சையில் தாண்டினோம். தூரத்தில் அடுத்தது சிவப்பாக இருந்தது. நெருங்க நெருங்க அவன் கால் பிரேக்குக்குப் போனது.

"போடாத, தம்பி."

"செவப்பு அண்ணி."

"தெரியுது. போடாத."

இரண்டு கம்பத் தூரம் இருக்கும்போது பச்சை விழுந்தது. அடுத்த சிக்னலும் சிவப்பாக இருந்தது. இந்த முறை கால் பிரேக்குக்குப் போகவில்லை, ஆனால் முழங்கை விறைத்திருந்தது. அதுவும் பச்சையானது. அதற்கடுத்ததும். நான் கணக்கைச் சொன்னேன்: எண்பதில் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் நின்றால், மொத்தத்தில் அது நாற்பதுதான். முள் காட்டுவது அந்த நொடியின் வேகம். போய்ச் சேர்வது முழு வழியின் வேகத்தில். உன் எண்பதும் அவருடைய நாற்பதும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும். ஆனால் உன் எண்பதுக்குள் ஐந்து பிரேக் இருக்கிறது, ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த அம்மாவின் கை உன் அண்ணன் நெஞ்சை விட்டு நழுவியிருக்கும்.

கடைசி சிக்னலைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான். என்ஜினை அணைத்தான்.

"அன்னிக்கு என்னை உள்ள கூப்பிட்டாருல்ல அண்ணி. போனதும் என்ன கேட்டாரு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"'ஏன்டா ராக்கெட், எனக்கு முன்னாடியே வந்து டீ குடிச்சு முடிச்சிருப்பியே'ன்னாரு. 'இல்லண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்து சேந்தோம்'னேன். 'பாத்தியா, ரோலர் உன்ன புடிச்சுட்டேன்'னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்." ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணாத்தான் வந்தோம். என் வாயாலயே சொன்னேன். அப்புறமும் அவன் லேட் பண்ணிட்டான்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

அவன் அழுது முடிக்கும் வரை நான் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். உன் அண்ணன் ஆம்புலன்ஸிலேயே போயிருக்க வேண்டியவர். அந்த ரெண்டு பேரும் ஒரு சாயங்காலத்தை நமக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பேச்சு, உனக்கு ஒரு சிரிப்பு. அது இல்லாமல் இருந்திருந்தால் இப்போது நாம் இரண்டு பேரும் எந்தக் கதியில் இருப்போம் என்று பார்.

"நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன். "ஆனா வேற காகிதத்துல."

திங்கட்கிழமை இருவரும் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். கொழுந்தன் புகாரைத் திரும்பப் பெற்றான். நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பாதி கணக்கு, பாதி நன்றி. நன்றி சரி, கணக்கு எதற்கு என்று மேலாளர் கேட்டார். நன்றியை மட்டும் எழுதினால் துக்கத்தில் இருக்கிற பெண்பிள்ளை பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள் என்று கோப்பில் சேர்த்துவிடுவீர்கள், அவர் மன்னிக்கப்பட வேண்டியவர் இல்லை, சரியாக ஓட்டியவர் என்று அதில் இருக்க வேண்டும் என்றேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார். தான் தினமும் அந்தச் சாலையில்தான் வருவதாகவும், தினமும் எல்லா சிக்னலிலும் நிற்பதாகவும் சொல்லிவிட்டு, கொஞ்சம் அசடு வழியச் சிரித்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு, டிரைவரின் வண்டிச் சாவியை எடுத்துவரச் சொன்னார்.

டிரைவர் பின்பக்கக் கொட்டகையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது. கொழுந்தன் அவர் முன்னால் போய் நின்றான். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவன், மன்னிச்சிருங்கண்ணே என்பதைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

டிரைவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அத விடுங்க தம்பி. அண்ணனுக்காகத் துடிச்சீங்க, அதுல என்ன தப்பு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அன்னிக்கு நீங்க என்ன அஞ்சு தடவ முந்துனீங்க, நான் உங்கள அஞ்சு தடவ முந்துனேன். பெட்ரோல் யாருக்கு ஜாஸ்தி ஆயிருக்கும்?"

கொழுந்தன் சிரித்துவிட்டான். அண்ணன் போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டம்ளர் தண்ணீரைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை முழுவதும் நின்று கேட்டேன். மருத்துவமனையில் என் கணவர் பேசியதையும் தம்பியோடு சிரித்ததையும் நான் சொன்னபோது, டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டு, அப்படியா, பேசினாரா என்று கேட்டார். இறக்கிவிட்ட பிறகு எவருக்கு என்ன ஆனது என்று இவர்களிடம் யாரும் வந்து சொல்வதில்லையாம். சாயங்காலம் முழுக்கப் பேசினார் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார், வாருவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் சாவி வந்துவிட்டது. யாரோ ஒரு நோயாளிக்காக அழைப்பும் வந்திருந்தது. நர்ஸ் உள்ளிருந்து பையோடு ஓடிவந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைக்க மட்டும்தான் நேரமிருந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட வண்டி வெளியே போனது. கொழுந்தன் வாசல் வரை பின்னாலேயே நடந்துபோய், வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பள்ளிக்குப் போக அந்தச் சாலையில்தான் பஸ் மாற வேண்டும். பஸ் வரத் தாமதமானால் நிறுத்தத்திலிருந்து சிக்னலைப் பார்ப்பேன். நடுவில் ஒரு தரம் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள், வேறு ஒருவர் ரோலர் ஓட்டினார். ஓரத்தில் கடைகள் மாறிவிட்டன. இரண்டாவது சிக்னலில் பச்சை விழுந்து நாற்பத்தைந்து விநாடியில் மூன்றாவதில் பச்சை விழுகிறது.